ஒரு பேசின், ஒரு துண்டு, ஒரு டார்ச்லைட்

எங்கள் வீட்டில் இரவு ஜெபம் ஒன்பது மணிக்கு. அதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவார். நான் முக்காலியைப் போட்டுக்கொண்டு அவருடைய காலைக் கழுவுவேன், துடைப்பேன், டார்ச்லைட் அடித்து ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்ப்பேன். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. வலது காலில் பார்க்க மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. பார்த்து முடித்த பிறகே பைபிளைத் திறப்போம்.

சபையில் இரண்டு மூன்று பேர் "அக்கா, அதை எப்படிச் செய்றீங்க, சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். காலில் தொடங்கினாலும் சாப்பாடு, மாத்திரை, உபவாசம் எல்லாம் நடுவில் வரும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை. அரசாங்கப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். 1917-இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை நட்டார். செம்பனை தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர்! என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குலை வெட்டினார். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெஸருக்கு, அதாவது மருத்துவ உதவியாளருக்கு, கையாளாக இருந்தேன். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது என் வேலை. லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் காலில் கொப்புளம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஊரார் காலையெல்லாம் கழுவியவள் என் வீட்டுக்காரர் காலை மட்டும் பார்க்கவில்லை.

அது நடந்தது 2014-இல். அவருக்கு இனிப்பு நீர் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் மூன்று நாள் கூட்டத்துக்கு வந்தார். இரண்டாம் நாள் ஆசா ராஜாவைப் பற்றிப் பேசினார். இரண்டாம் நாளாகமம் 16-ஆம் அதிகாரம்: ஆசாவுக்குக் கால்களில் வியாதி, "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." வைத்தியரைத் தேடினான், செத்துப்போனான் என்று மேடையைத் தட்டிச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். "விசுவாசத்தால சுகம் ஆயிட்டேன்" என்றார். எனக்கு மனசுக்குள் நெருடல்தான். ஆனால் அவருடைய விசுவாசத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். டிரெஸரிடம் வேலை செய்தவள், வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வீட்டில் ஒரு நாற்றம். அலமாரிக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் சாமான்களை இழுத்துப் போட்டுத் தேடினேன். மூன்றாம் நாள்தான் நாற்றம் அவர் நாற்காலிப் பக்கமாக வருவது புரிந்தது. வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே செம்பனை மட்டை முள் ஒன்று ஒடிந்து உள்ளேயே இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அவருக்கு வலியே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டுல இவர் காலை யார் பார்க்கிறது?" நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வலிக்கவில்லை என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாக ஓடினால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் மூளைக்குச் செய்தி போகாது. ரத்தக் குழாய்களும் கெட்டுவிடுவதால் புண்ணுக்கு வேண்டிய ரத்தம் வராது, ஆறாது. அதனால் கால் தானாகச் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது, நாம்தான் கண்ணால் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆசாவுக்குப் பதில் எசேக்கியா

காலைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இது மனசில் தீராவிட்டால் மாத்திரை மறுபடியும் அலமாரி மேல்தான் போகும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த 16-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். ஆசா அதற்கு முன்பே கர்த்தரை விட்டுவிட்டுச் சீரியா ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டவன். அதைச் சுட்டிக் காட்டிய ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தவன். கால் வியாதியிலும் அதே பழக்கம் தொடர்ந்தது என்றுதான் வேதம் சொல்கிறது. கர்த்தரைத் தேடாததே குற்றம். வைத்தியனைத் தேடுவது குற்றமானால், பவுல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று எழுதியிருப்பாரா?

அடுத்து எசேக்கியா ராஜா, இவனும் வியாதிப்பட்டவன். அவன் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபம்பண்ணினான். கர்த்தர் கேட்டார், பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய அற்புதத்துக்கு நடுவே ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பிளவை என்றால் என்ன என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த எனக்குத் தெரியும். இனிப்பு நீர்க்காரர்களின் முதுகில் எத்தனை பார்த்திருக்கிறேன்! எசேக்கியாவுக்கு இனிப்பு நீர் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பற்றுப் போட்டார்கள் என்றுதான் சொல்கிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாத்திரைக்குப் பெயர் 'அத்திப்பழம்'. "என்னங்க, அத்திப்பழம் போட்டாச்சா?" என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் போட்டுக்கொள்வார்.

இன்னொரு வசனமும் உண்டு. "நீங்கள் உங்களுடையவர்களல்ல, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" என்று ஒன்று கொரிந்தியர் 6-இல் இருப்பது தோட்டத்தில் பிறந்தவர்கள் காதில் வேறு மாதிரி விழும். எங்கள் உடம்பு எங்களுடையது இல்லை என்று நாங்கள் பைபிளைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றால் தலையை எண்ணுவார்கள். என் அம்மா முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு பராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். மூக்கில் ஒரு பழைய துண்டு, கையுறை கிடையாது, நகமெல்லாம் கறுத்துச் சுருங்கியிருக்கும். இந்த நாட்டில் அந்த மருந்தை 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் திரும்ப விட்டார்கள், 2020-இல்தான் முழுக்க நிறுத்தினார்கள். அம்மா அதைப் பார்க்க இல்லை. ஆகவே அந்த வசனத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: இந்த உடம்பு துரையுடையது இல்லை, கங்காணியுடையது இல்லை. இதை வாங்கியவர் வேறொருவர், அவர் இதற்கு ஆலயம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஆலயத்தைத் தினமும் கூட்டுகிறோமா இல்லையா?

காலைப் பார்க்கும் விதம்

வேண்டியவை: ஒரு பேசின், மிதமான சோப்பு, வெள்ளைத் துண்டு, டார்ச்லைட், கொஞ்சம் வாசலின். துண்டு வெள்ளையாக இருக்கட்டும். ஒரு சொட்டு ரத்தமோ சீழோ ஒட்டினால் உடனே தெரியும். என்னிடம் இருக்கும் துண்டு ஞாயிறுப்பள்ளி ஆண்டு விழாவில் கொடுத்தது, அதில் வசனம்கூட அச்சடித்திருக்கிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூட்டைப் பார்க்க அவர் காலை விடவே கூடாது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது. உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டப் பார்ப்போமே, அதே மாதிரி. "நல்லா ஊற வை" என்று சொல்லும் மாமியார்கள் உண்டு. வேண்டாம். ரொம்ப நேரம் ஊறினால் தோல் வறண்டு வெடிக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் கழுவி முடியுங்கள்.

அடுத்தது துடைப்பது. யோவான் 13-ஐப் பெரிய வியாழக்கிழமை தோறும் கேட்டிருக்கிறோம். ஆண்டவர் கால்களைக் கழுவியதைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அந்த வசனத்தில் "தாம் கட்டிக்கொண்டிருந்த சீலையினால் துடைக்கவும் தொடங்கினார்" என்றும் இருக்கிறது. பன்னிரண்டு பேர், இருபத்து நான்கு கால், அத்தனையையும் துடைத்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரலிடுக்கு ஈரமாகவே இருந்தால் சேற்றுப் புண் வரும், தோல் வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். ஆகவே ஒவ்வொரு விரலையும் பிரித்து, இடுக்கில் துண்டின் முனையை விட்டு, ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பிறகு டார்ச். நான் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து தொடங்குவேன், காரணம் உங்களுக்கே தெரியும். விரலிடுக்குகள், உள்ளங்கால், குதிகால், நக ஓரம் என்று ஒரே வரிசையில் தினமும் பாருங்கள். வரிசை மாறினால் ஒரு இடம் விட்டுப்போகும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, கறுப்பு, வீக்கம், முள், எறும்புக் கடி எல்லாமே கணக்கு. புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

வறண்ட இடத்தில் வாசலின் தடவலாம், தேங்காய் எண்ணெயும் சரிதான். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணி இருந்தால் பிளேடை எடுக்காதீர்கள், அது கிளினிக் வேலை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் சவர பிளேடால் தானே வெட்டிக்கொண்டு ஒரு மாதம் வார்டில் கிடந்தார்.

புண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடி, மறுநாள் காலையிலேயே கிளினிக். மஞ்சள், புகையிலை, தைலம், கிராம்புப் பொடி எதுவும் வேண்டாம். கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ காலைவரை காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் போதகர் ஐயாவைக் கூப்பிடுங்கள், எந்நேரமானாலும் வருவார். ஜெபம் வண்டியில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம்.

செருப்புச் சண்டை

எங்கள் சின்ன ஆலயத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்காருவது பழக்கம். பதினோரு மணிக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சிமெண்டுத் தரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். மரத்த கால்காரர்கள் அதில் நின்று கதை பேசுவார்கள். உள்ளங்கால் வெந்து கொப்புளம் வந்தபிறகும் தெரியாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது. ஆகவே அவர்களுக்கு மட்டும் உள்ளே போட்டுக்கொள்ளச் சுத்தமான வீட்டுச் செருப்பு வைக்கலாம் என்று சொன்னேன்.

ஒரு மூப்பர் எழுந்து, முட்செடிக்கு முன்னால் மோசே பாதரட்சையைக் கழற்றவில்லையா என்றார். கேள்வி நியாயம்தான். நான் உபாகமம் 8-ஐ எடுத்தேன். கர்த்தர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடத்தியதை மோசே கணக்குச் சொல்லும்போது, வஸ்திரம் பழையதாகவில்லை, "உன் கால் வீங்கவும் இல்லை" என்கிறார். லட்சக்கணக்கான ஜனத்தின் கால் வீங்கியதா இல்லையா என்று கர்த்தர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், மாமா, என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். இப்போது வாசலில் ஒரு அடுக்குத் தட்டு, அதில் பெயர் எழுதிய பதினாலு ஜோடிச் செருப்பு. மூப்பருடையது மேல் வரிசையில் இருக்கிறது.

செருப்பு வாங்கச் சாயங்காலம் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகும் ஜப்பான் செருப்பு வேண்டாம், இடுக்கு அறுக்கும். போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை பல்லி இருந்தது.

தட்டு

குலை வெட்டும் காலத்தில் என் வீட்டுக்காரர் மலை போலச் சோறு சாப்பிடுவார். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுத்து, குலையைத் தூக்கி வண்டியில் போட்டு வந்தவருக்கு அந்தச் சோறு எரிந்துவிடும். வேலை நின்று தாமான் வீட்டுக்கு வந்தோம். சோறு நிற்கவில்லை. தோட்டத்து ஜனத்துக்கு வியாதி வந்த வழிகளில் இது ஒன்று என்பது என் எண்ணம். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் இந்தியர்கள் மத்தியில் இனிப்பு நீர் 31.4 விழுக்காடு. ஆலய பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒருவர்.

கிளினிக்கில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்லிக் கொடுப்பார்கள். மலாயில் சுக்கு என்றால் கால், செப்பாரோ என்றால் அரை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். எங்கள் சபைப் பாட்டி ஒருவர் நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே மளிகைக் கடைக்குப் போய் இரண்டு துண்டு சுக்கு வாங்கி வந்தார். மூன்றாவதாகச் சொன்னது என்ன மருந்து என்று என்னிடம் விசாரித்தார்.

தட்டில் கோடு போட முடியாதவர்கள் வரிசையை மாற்றுங்கள். முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு. அப்படிச் சாப்பிட்டால் சாப்பிட்ட பின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. இதை நாங்கள் ஆலயத்து அன்பின் விருந்திலேயே செய்துவிட்டோம். முன்பெல்லாம் மேசையில் முதலில் நெய்ச்சோற்றுப் பாத்திரம் இருக்கும். தட்டு அங்கேயே நிரம்பிவிடும், காய்க்கு இடமிருக்காது. இப்போது வெள்ளரிக்காய், கங்கோங் கீரை, கோஸ் பொரியல் முதலில். நெய்ச்சோறு மேசையின் கோடியில், சின்ன அகப்பையோடு. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, பாத்திரத்தை நகர்த்தினோம், அவ்வளவுதான். இனிப்புச் சிராப் தண்ணீரை நிறுத்தியபோதுதான் பெரிய முறுமுறுப்பு, வனாந்தரத்தில் இஸ்ரவேலர்கூட அவ்வளவு முறுமுறுத்திருக்க மாட்டார்கள். வெறும் தண்ணீரில் எலுமிச்சை வெட்டிப் போட்டு வைக்கிறோம்.

கடையில் தே தாரேக் (ஆற்றிய பால் டீ) சொல்லும்போது அதில் டின் பால் இனிப்பே நிறைய என்பதை நினைவில் வையுங்கள். பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' பழக இரண்டு வாரம் ஆகும். தானியேல் பத்து நாள்தான் கேட்டான், பருப்பு முதலான மரக்கறிகளும் தண்ணீரும். அந்தப் பத்து நாளைச் சொல்லித்தான் என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தேன், பதினோராம் நாள் அவர் கணக்கைக் கேட்கவில்லை.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிஷம் தாமானைச் சுற்றி நடங்கள். நாய் இருக்கிறது, கையில் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுலே சொல்லிவிட்டார் என்பவர்களுக்கு: அற்பமானாலும் பிரயோஜனம் உண்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னாரே என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். அவர் வயிற்றுக்காகச் சொன்னது, கொஞ்சம் என்றும் சொன்னது. சம்சு சாராயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இனிப்பு நீர் மருந்து போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம்.

உபவாசம்

இதில் என் பேச்சைக் கேட்பதைவிட உங்கள் டாக்டர் பேச்சைக் கேளுங்கள், நான் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். லெந்து என்ற நாற்பது நாள் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் மயங்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு அம்மா வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியபோது சுற்றி நின்றவர்கள் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று கைதட்டினார்கள். அவர் காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லாசைடு மாத்திரை போட்டுக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 2.9 (இங்கே அளக்கும் மில்லிமோல் கணக்கில்). நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

அப்போது செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் பிஸ்கட்டோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 999-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் ஜெப அறையில் கித்தாருக்குப் பக்கத்தில் ஒரு சீனி டப்பா எப்போதும் இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களும் அப்படிப்பட்ட மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. வேறு எதையாவது விடுங்கள். என் வீட்டுக்காரர் நாற்பது நாளும் டிவி சீரியலை விட்டார், அது சோற்றை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்றார். எலியா சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் அவனைத் தட்டியெழுப்பி ஜெபி என்று சொல்லவில்லை, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன.

ஆராதனைக்குப் பின் மேசை

மாதர் சங்கக் காசில் ஒரு ரத்தக் கொதிப்பு மெஷினும் ஒரு சர்க்கரை மெஷினும் வாங்கினோம். மாதத்தில் முதல் ஞாயிறு நான் மேசை போடுவேன். கொதிப்பு பார்க்க வருகிறவரை முதலில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைப்பேன். பாதம் தரையில், முதுகு சாய்ந்து, கை மேசை மேல், பேச்சுக் கூடாது. பாட்டுப் பாடிவிட்டு நேரே வந்து கையை நீட்டினால் அளவு கூடித்தான் காட்டும். காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். இரண்டு தடவை பார்த்து எழுதுகிறேன். 140-க்கு 90-ஐத் தாண்டியே இருந்தால் கிளினிக்குக்குச் சீட்டு. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசியை ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) பார்த்து மருந்தும் கொடுக்கிறார்கள். காசில்லை என்று சொல்ல இடமில்லை, பஸ் இல்லை என்பதுதான் உண்மையான கஷ்டம். அதற்காக இளைஞர் சங்கத்துப் பையன்கள் முறை வைத்து வண்டி ஓட்டுகிறார்கள். போகும்போது வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைப் படமெடுக்கவும், சிறுநீரகத்துக்கு மூத்திரம் பார்க்கவும், பாதத்தைச் சோதிக்கவும் கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அன்று காலை மட்டும் சாப்பிடாமல் போய் நல்ல பிள்ளை வேஷம் போட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் போனில் "எனக்கு 126" என்றால் பயப்படாதீர்கள், அங்கே அளவு வேறு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம் 7, அவர்களுடைய 126. காலையில் வெறும் வயிற்றில் அந்த 7-ஐத் தொட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தனியாக இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்காலை அதில் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்குக் கண்ணாடியும் உதவாது. எங்கள் எதிர் வீட்டு அம்மா விதவை, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், மகன் சிங்கப்பூரில். அவருக்குப் போனில் உள்ளங்காலைப் படமெடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் வாரம் காலுக்குப் பதிலாகக் கூரைப் படம் வந்தது. இப்போது ஒரு நாள் தவறாமல் இரவு எட்டரைக்கு இரண்டு பாதமும் வந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 'சரி' என்று பதில் போடுவேன். போன செவ்வாய்க்கிழமை மட்டும் 'சரி' போடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு ரோட்டைத் தாண்டிப் போனேன். குதிகாலில் ஒரு குண்டூசி.